சோர்ஸ் கோடு கொடுத்தால் மட்டும் போதுமா?

லினக்ஸை மனதில் வைத்து எழுதிய ஒரு ரிவெர்ப் ப்ளக்-இன், அதாவது ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் துணை நிரல்; ஆசிரியர் தந்தது சோர்ஸ் கோடு, அதாவது நிரலின் மூல எழுத்து, மட்டும்தான். ஒலி ப்ளக்-இன்களுக்கான லாட்ஸ்பா (LADSPA) வகை. விண்டோஸில் ஓடும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதைச் சேர்க்க மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். முதல் இரவிலேயே மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவில் கம்பைல் ஆகிவிட்டது, அதாவது கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாறிவிட்டது. அந்த டிஎல்எல்லை (விண்டோஸின் நிரல் லைப்ரரிக் கோப்பு) ப்ளக்-இன் ஃபோல்டரில் போட்டேன். எஃபெக்ட் மெனுவில் பெயரே வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. எங்கிருந்து தேடுவது?

லாட்ஸ்பா ப்ளக்-இன்னைத் திறக்கும் மென்பொருள் அதற்குள் ஒரே ஒரு ஃபங்ஷனைத்தான் பெயர் சொல்லித் தேடும். லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் தானாகவே எல்லாப் பெயர்களையும் வெளியே காட்டிவிடும். விஷுவல் ஸ்டூடியோ அப்படியில்லை, இதை எக்ஸ்போர்ட் செய் என்று நாம் எழுதினால்தான் காட்டும். டிஎல்எல்லுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் டம்ப்பின் (dumpbin) கருவியை ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்போர்ட் பட்டியல் காலி.

சரி, அதைச் சேர்த்தேன். அப்போதும் மெனுவில் வரவில்லை! இந்த முறை காரணம் இன்னும் ஆழத்தில் இருந்தது. பழைய லாட்ஸ்பா ப்ளக்-இன்கள் பல, தங்கள் விவரங்களை 'இனிட்' என்ற ஃபங்ஷனுக்குள் தயார் செய்கின்றன. லினக்ஸ் லைப்ரரியை ஏற்றும்போதே அதை அழைத்துவிடும். விண்டோஸுக்கு அந்தப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது டிஎல்எல்மெயின் என்ற ஃபங்ஷன். இனிட் ஓடாததால் விவரம் கேட்டு வந்த ஆடாசிட்டிக்குக் கிடைத்தது வெறும் நல் (null) பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத வெற்று முகவரி. அதற்கு 'இங்கே ப்ளக்-இன் எதுவும் இல்லை' என்றுதான் அர்த்தம்.

அப்புறம் மிங்டபிள்யூவில் (விண்டோஸுக்கான ஜிசிசி) கட்டிய இன்னொரு ப்ளக்-இன். என் கணினியில் ஓடியது, நண்பரின் கணினியில் பிழை எண் 126. கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்கிறது. கிடைக்காதது அதுவல்ல, அது ஓடும்போது நம்பியிருக்கும் ஜிசிசியின் ரன்டைம் டிஎல்எல்கள். அவற்றை ப்ளக்-இன்னுக்குள்ளேயே சேர்த்து, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ஊதியமில்லாமல் எழுதித் தருபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, மரியாதைதான். ஆனால் 'சோர்ஸ் இருக்கிறது, நீயே கட்டிக்கொள்' என்ற பதிலை நான் ஏற்கவில்லை. கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பே, முழு சோர்ஸ் கோடு எது என்று சொல்லும்போது கம்பைல் செய்யவும் நிறுவவும் வேண்டிய ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஒலிப்பதிவு செய்ய வந்தவர் லிங்க்கர் பிழைகளைப் படித்துப் பழக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நிரல்களைத் தானாகக் கட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சேவையில் பொதுத் திட்டங்களுக்கு விண்டோஸ் இயந்திரம் இலவசம். ஒருமுறை அமைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிஎல்எல் தானாகக் கட்டப்படும். விண்டோஸே இல்லாத ஆசிரியரும் இதைச் செய்யலாம்.

நான் எழுதிய டிஎல்எல்மெயின் பகுதி பன்னிரண்டே வரிதான். கட்டும் முறையையும் சேர்த்து அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். இப்படி எதையாவது திருத்திச் சரிசெய்து உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.