வேலை செய்யும் வீட்டை மாற்ற உரிமை இல்லாமல் என்ன சீர்திருத்தம்?

குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினால் நாட்டுக்கு லாபமா நட்டமா என்ற சண்டை ஓய்வதாக இல்லை. 2013இல் அமெரிக்க செனட் சபை ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியது. அது வரவுசெலவுப் பற்றாக்குறையைக் குறைக்கும் என்றது காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம். எதிர்த்தவர்களோ பல டிரில்லியன் டொலர் செலவு என்றார்கள். இரண்டுமே ஆள் எடுக்கிற நாட்டின் கணக்கு. இலங்கையின் கிழக்கில் ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் இருந்து சவூதி போன்ற நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண் அதில் எங்கேயும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கில் மட்டும் இருக்கிறாவா? அவ அனுப்பும் காசுதான் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்கிற இலங்கையர் எல்லோரும் அனுப்பியது 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. டொலருக்கு வங்கி கொடுத்த விலைக்கும், வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் உண்டியல்காரர் கொடுத்த விலைக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அதற்கு முக்கிய காரணம். மூதூரில் இருந்து வீட்டு வேலைக்குப் போன ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றிய பிறகு, அங்கே வீட்டு வேலைக்குப் போகக் குறைந்த வயது 25 என்றது நம் அரசாங்கம். 2022இல் டொலர் இல்லாமல் போனதும் 21 ஆக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்கென்று போட்ட விதியை டொலருக்காகத் தளர்த்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்தாறுமூலையில் எனக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி. நுண்கடன் கழுத்தை நெரிக்க, ஏஜென்சி கையில் கொடுத்த முற்பணத்தை வாங்கிக்கொண்டு சவூதிக்குப் போனா. ஒரு வீட்டுக்கு என்றுதான் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைகளில் எசமானியின் அக்கா வீட்டுக்கும் கொண்டுபோய் விடுவார்கள், அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு இமோவில் வந்து மகளிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பா. திரும்பி வரலாம் என்றால் முற்பணத்தோடு செலவையும் கட்டு என்கிறது ஏஜென்சி. பக்கத்துத் தெருவில் நல்ல சம்பளத்துக்கு ஒரு வீடு ஆள் தேடினாலும் கபீல், அதாவது அவளுடைய விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, விடாமல் அங்கே போக முடியாது.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டார் 2020இல் முதலாளியின் அனுமதியில்லாமல் வேலை மாறலாம் என்று சட்டம் மாற்றியபோது வீட்டுப் பணியாளரையும் சேர்த்தது. சவூதி 2021இல் கொண்டுவந்த சீர்திருத்தம் அவர்களை வெளியே விட்டுவிட்டது. நம் ஊர்ப் பெண்கள் அதிகம் போகிற வேலையே அதுதான்.

"ஆள் எடுக்க இவ்வளவு செலவழித்தோமே, அவ போய்விட்டால் எங்கள் காசு?" என்று அங்குள்ள முதலாளிமார் கேட்பதை நான் ஒதுக்கவில்லை. அந்தச் செலவில் ஏஜென்சியும் சப் ஏஜென்டும் எடுக்கிற கொமிஷன் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள மாதங்களுக்கான செலவுப் பங்கைப் புது வீட்டுக்காரர் பழைய வீட்டுக்காரருக்குக் கொடுத்தால் தீர்ந்தது. வீடு மாறலாம் என்ற நிலை வந்தால் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறவருக்கு ஆள் நிற்காது, நல்ல வீடுகள் கூட்டிக் கொடுக்கும், ஊருக்கு வருகிற காசும் கூடும். அரசாங்கத்துக்குப் பெரிய செலவும் இல்லை.

மட்டக்களப்பு, அம்பாறை பாராளுமன்ற உறுப்பினர்களே, அடுத்த தடவை சவூதியோடு தொழில் ஒப்பந்தம் பேசப் போகும்போது எத்தனை ஆயிரம் பேரை அனுப்பலாம் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டுப் பணிப்பெண் வேலை மாறலாம் என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று பாராளுமன்றத்தில் எழுந்து கேளுங்கள்.