இடம்புரித் தென்னை, வலம்புரித் தென்னை

'கடவுள் இயற்கை முழுக்க ஒரே எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்' என்று வாட்ஸ்அப்பில் மறுபடி ஒரு வீடியோ. சூரியகாந்தி, சங்கு, அப்புறம் யாரோ ஒரு நடிகையின் முகம். எல்லாவற்றிலும் 'பொன் விகிதம்' எனும் 1.618 ஆம். கணக்கு பிடிக்கும் என்பதால்தான் எனக்கு இதில் எரிச்சல். எண்ணிப் பார்க்காமல் எண்களைப் பேசினால் அது ஜோசியம்.

எங்கள் தோப்பு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், மரத்தடிப் பேச்சு தமிழில். தென்னையில் ஒவ்வொரு புது மட்டையும் முந்தையதிலிருந்து சுமார் 140 டிகிரி தள்ளி வரும். ஐந்து தடவை தள்ளினால் 700. இரண்டு முழுச் சுற்றுக்கு 720 வேண்டும், 20 குறைகிறது. அதனால் ஆறாவது மட்டை முதல் மட்டைக்கு நேர் மேலே உட்காராமல் சற்று விலகி உட்காருகிறது. அந்த விலகல்தான் நம் கண்ணுக்குச் சுருளாக, அதாவது 'புரி'யாகத் தெரிகிறது. 144 டிகிரியாக இருந்தால் ஐந்து நேர்வரிசைதான், புரியே கிடையாது.

புரி எந்தப் பக்கம் சுற்றும்? இடப்பக்கம் சுற்றினால் இடம்புரி, வலப்பக்கம் சுற்றினால் வலம்புரி. காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் இருந்த டி.ஏ.டேவிஸ் இதையே வருடக்கணக்காக எண்ணினார். இடம்புரி மரத்தை இடம்புரியோடு சேர்த்தாலும் சரி, வலம்புரியோடு சேர்த்தாலும் சரி, பிள்ளைகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சுற்றும் திசை பரம்பரையாக வரவில்லை என்று 1962-ல் எழுதினார். சில நத்தைகளில் அது பரம்பரையாக வரும், தென்னையில் இல்லை. கையில் நோட்டோடு தோப்பு தோப்பாக நடந்து கண்டுபிடித்தது இது. வீடியோக்காரர்களுக்கு இவர் பெயர் தெரியாது.

போன வாரம் நானும் எண்ணினேன். 82 மரம், இடம்புரி 43, வலம்புரி 39. நாணயத்தை 82 தடவை சுண்டினாலும் 41-லிருந்து நாலைந்து முன்னே பின்னே போவது சகஜம். ஆக, டேவிஸை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. கழுத்துவலிதான் மிச்சம்.

கள் இறக்கும் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, தேங்காயை எண்ணுனா காசு, மட்டையை எண்ணி என்னங்க வரும்?" என்றார். விளக்கினேன். மறுநாள் மரத்திலிருந்து இறங்கியவர் நான் இடம்புரி என்று குறித்த மரத்தை வலம்புரி என்று அடித்துச் சொன்னார். அடுத்த மரமும் அப்படியே. அரைமணி நேரம் சண்டை. அப்புறம்தான் உறைத்தது: நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், அவர் கொண்டையிலிருந்து குனிந்து பார்த்திருக்கிறார்.

வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் எண்ணிக் கமெண்டில் போடுங்கள். எங்கே நின்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து.