முதலில் உங்கள் ஒன்றியக் கவுன்சிலர் பெயரைச் சொல்லுங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊர் வாட்ஸப் குழு ஒன்றுவிடாமல் ஓடியது. பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவு உடைந்து கிடக்கிறதென்று ஊர்க்காரர்கள் சிலர் தலைமையாசிரியையைச் சுற்றி நின்றுகொண்டு, செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி, "சம்பளம் வாங்குறீங்கல்ல?" என்று கேட்கிறார்கள். அந்தம்மாவைப் பேசவே விடவில்லை. கீழே கைதட்டல், நெருப்பு ஸ்மைலி. பெரிய புரட்சி.

கேள்வி கேட்டது தப்பில்லை. ஆள் தப்பு. அது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூனில் அரசு ஊழியர்கள் ஆனார்கள். கட்டடமும் கழிப்பறையும் இன்னும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்புதான். அதற்கு ஒன்றியக் குழுவில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர். அவர் பெயர் என்ன? வீடியோ எடுத்த தம்பியிடமே கேட்டேன். "எம்எல்ஏகிட்ட சொல்லியாச்சுங்க" என்றார். நான் கேட்டது அதுவா?

உள்ளாட்சித் தேர்தலில் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரோஸ் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. அதற்கு மட்டும் பங்காளி, சாதி, பழைய பகை எல்லாம் பார்த்துக் குத்தினோம். பச்சைச் சீட்டுதான் ஒன்றியக் கவுன்சிலருக்கு. அதில் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வந்தோம். பள்ளிக்கூடம் அந்தப் பச்சைச் சீட்டில் இருந்தது ஐயா!

என் அம்மா ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். ஓடு மாற்றச் சொல்லி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு மேல் மனு எழுதுவார். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) மாறுவார், மனு நகராது. கழிப்பறை கழுவ வரும் அக்காவுக்கு அம்மா பர்ஸிலிருந்து காசு போகும், அப்பா வீட்டில் கத்துவார். ஒரு மழைக்கு வகுப்பறை ஒழுகி, ஊரே திரண்டு வந்து சத்தம் போட்டது. கூட்டத்தில் கவுன்சிலரும் நின்றார். அவரும் சேர்ந்து அம்மாவைத் திட்டினார்! ஒருத்தருக்காவது, "யோவ், இது உன் வேலையாச்சே" என்று சொல்லத் தோன்றவில்லை. ஏனென்றால் அது அவர் வேலை என்றே யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்ததோ என்னவோ.

"வாத்தியார் வீட்டுப் பிள்ளை, வக்காலத்து வாங்குகிறது" என்பீர்கள். ஆமாம், வாங்குகிறேன். அப்புறம்?

"இப்போது பதவியிலேயே யாரும் இல்லையே" என்று ஒரு நண்பர். சரி. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு போட்ட தனி அலுவலர் கைக்குப் போனது நிஜம். ஆனால் அந்தக் கதவு அதற்கு முன்பே உடைந்ததுதானே? ஐந்து வருஷம் ஆள் இருந்தபோது ஒரு கிராம சபையிலாவது கேட்டோமா?

"எங்கள் கவுன்சிலரம்மா பெயருக்குத்தான், எல்லாம் அவர் வீட்டுக்காரர்தான்" என்கிறார் இன்னொருவர். அப்படியென்றால் அந்தக் கவுன்சிலரம்மாவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் வீட்டுக்காரர் நகர்வார்.

தினக்கூலிக்குப் போகிறவர் ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய முடியாது என்பது மட்டும் நியாயம். அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. 2022-இல் 20 பேரோடு அமைத்தார்கள். 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரில் ஒருவர், இரண்டு இடம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு. பிரதிநிதி அங்கேயே வந்து உட்கார வேண்டும், நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. வந்தாரா? வராதவரை யார் வீடியோ எடுத்தீர்கள்? அவர் வீட்டு வாசலில் போய் செல்போனை நீட்டுங்களேன் பார்ப்போம். நீட்ட மாட்டீர்கள். பயம். டீச்சர் என்றால் திருப்பி அடிக்க மாட்டார், ஆள் வைத்து மிரட்ட மாட்டார், மறுநாளும் உங்கள் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பார். அந்தத் தைரியம்தான் உங்கள் புரட்சி.

இன்பாக்ஸில் வந்து நான் எந்தக் கட்சி என்று கேட்கிறவர்கள் தாராளமாக வரலாம், கவுன்சிலர் பெயரோடு வாருங்கள். கூகுளில் தேடாமல். அந்தத் தலைமையாசிரியையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை தப்பாக வந்தாலும் பிளாக்தான்.