தொழில்: ‘வியாபாரம்’

இலங்கையின் கிழக்கில், கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஏதாவது ஒரு நிதிக் கம்பனிக் கிளையில் கணக்குத் திறந்த படிவங்களைப் புரட்டுங்கள். தொழில்: ‘வியாபாரம்’. வருமான மூலம்: அதுவும் ‘வியாபாரம்’. அடையாள அட்டைப் பிரதி, கையொப்பம், றப்பர் முத்திரை எல்லாம் ஒழுங்கு. ஓடிட்டுக்கு அது போதும். பணம் தூயதாக்கலை, அதாவது குற்றத்தில் வந்த காசை நல்ல காசாகக் காட்டுவதை, பிடிக்க ஒரு சதத்துக்கும் உதவாது.

புடைவைக் கடையா, பழைய இரும்பா, நெல் வாங்கி விற்பவரா? மாதம் எவ்வளவு புழங்கும்? காசாகவா, காசோலையாகவா? யாரிடமிருந்து வரும்? இந்த நாலு வரி இல்லாவிட்டால், கணக்கில் வழமைக்கு மாறான காசு என்று கணினி எச்சரிக்கை தரும்போது எதோடு ஒப்பிடுவது?

எங்கள் பக்கம் நெல்லை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. பெரும்போக அறுவடை முடிய, மாசி பங்குனியில், மாதக்கணக்கில் சும்மா கிடந்த கணக்கில் ஒரே நாளில் 30 இலட்சம் விழும். கொழும்பில் அமைத்த மென்பொருள் பதறும். அது போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், நெற்காசு என்று சம்மாந்துறைக் காசாளருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தெரிதல் கோப்பில் இல்லை. எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, வழமையாக எந்த மில்லுக்குக் கொடுக்கிறார் என்று எழுதி வையுங்கள். ஏக்கரையும் விளைச்சலையும் விலையையும் பெருக்கிப் பாருங்கள். பத்து ஏக்கர்காரரின் கணக்கில் அறுபது ஏக்கர் காசு வந்தால் கேளுங்கள். ஐப்பசி விதைப்பு நேரத்தில் ‘நெல் வித்த காசு’ என்றால், அதுவரை நெல்லை எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள்.

பத்து இலட்சத்துக்குக் கீழே என்றால் அறிக்கையே தேவையில்லை என்று ஒரு பிழையான நம்பிக்கையும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டப்படி, பத்து இலட்சமும் அதற்கு மேலும் உள்ள காசுக் கொடுக்கல்வாங்கல்கள் தானாகவே மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் அனுப்பும் அறிக்கைக்கு அப்படி எல்லையே கிடையாது. 40,000 ரூபாவும் சந்தேகத்துக்குரியதாகலாம், செய்ய முயன்று கைவிட்டதும் ஆகலாம். 9,50,000 படி மூன்று நாள் கட்டுபவர் எல்லையை நன்றாகப் படித்தவர்.

மற்றவர் கணக்கில் காசு கட்ட வருபவரைத்தான் கிளைகள் அதிகம் கோட்டை விடுகின்றன. இரண்டு இலட்சத்துக்கு மேல் என்றால் கட்டுபவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், நோக்கம், கையொப்பம் எல்லாம் வேண்டும். எடுக்கிறார்கள், சிட்டையில் எழுதிக் கட்டி வைக்கிறார்கள், அவ்வளவுதான். உண்டியல் முகவர், அதாவது வெளிநாட்டுக் காசை வங்கிக்கு வெளியே கைமாற்றிக் கொடுப்பவர், ஒரே நாளில் ஏழு வீட்டுக் கணக்குகளுக்குக் கட்டினாலும், கணக்கு இலக்கப்படி பார்த்தால் ஏழும் வேறு வேறு. கட்டியவரின் அடையாள அட்டைப்படி தேடினால்தான் ஒரே ஆள் வெளியே வருவார். அதிலும் ஒரு பொறி: பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒருவரே இரண்டு ஆளாகப் பதிவாவார். பழைய இலக்கத்துக்கு முன் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் 0 செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

இதற்கு நேரெதிராக, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் வங்கி வழியாக அனுப்பும் 80,000 ரூபாவை எடுக்க வரும் தாயிடம் ஐந்து கடிதம் கேட்கும் கிளைகளும் உண்டு. பதிவோடு வரும் காசு அது. அந்த அம்மாவை அலைக்கழித்தால் அடுத்த மாதம் உண்டியலுக்குத்தான் போவார்.

சந்தேக அறிக்கையில் ‘பெரிய தொகை வந்துள்ளது, சந்தேகமாக உள்ளது’ என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வது? இப்படி எழுதுங்கள்: ‘22 வயது, மாணவர் என்று பதிவு. 9 நாளில் ஆறு மாவட்டங்களிலிருந்து 14 வைப்புகள், மொத்தம் 18 இலட்சம். ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குள் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டது. கேட்டபோது நண்பனுக்காக என்றார், நண்பனின் பெயர் சொல்லவில்லை.’ சந்தேகம் உருவாகி இரண்டு வேலை நாட்களுக்குள் இது போக வேண்டும். முகாமையாளர் லீவு முடிந்து வரட்டும் என்று மேசையில் வைத்திருக்கக் கூடாது.

அனுப்பிய பின் வாய் திறக்கவும் கூடாது. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊர்களில் இதுதான் கஷ்டம். பள்ளிவாசல் வாசலிலோ கோயில் திருவிழாவிலோ “மச்சான், உன்ட எக்கவுண்டப் பாக்கிறாங்க போல” என்று சொன்னாலே அது குற்றம். அதனால் அறிக்கையின் பிரதியைக் கணக்குக் கோப்பில் போடாதீர்கள். சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணங்குவிப்பு அலுவலரிடம் தனியாக, பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். வாடிக்கையாளர் வந்தால் வழமைபோல் பேசி, வழமையான சிட்டையைக் கொடுத்து அனுப்புங்கள்.