நிற்கும் உருவம் மட்டும் போதாது
நின்ற கோலத்தில் மன்னர் இருப்பதால் படத்திலுள்ள செப்புக்காசு சோழ மன்னர் முதலாம் ராஜராஜனுடையது (ஆட்சி 985–1014) என்று உங்கள் பழங்காசுக் கட்டுரை முடிவு கட்டிவிட்டது. அந்த அமைப்பையே பின்னாளில் இலங்கை மன்னர்களும் எடுத்துக்கொண்டார்கள். முதலாம் பராக்கிரமபாகு, லீலாவதி அரசி காசுகளிலும் ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம்தான். எழுத்துதான் ஆதாரம். அமர்ந்த உருவத்தின் கையருகே நாகரி எழுத்தில் (இந்தி எழுத்து போன்றது) ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருக்க வேண்டும். ஒரு ‘ராஜ’வைப் பார்த்ததும் முடிவு செய்துவிடக் கூடாது, லீலாவதி காசிலும் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றுதான் வரும். யாழ்ப்பாண மன்னர்கள் வெளியிட்ட சேது காசில் இந்தக் குழப்பம் இல்லை. பின்பக்கம் நந்தி, கீழே தமிழிலேயே ‘சேது’. மறுபக்கப் படத்தையும் போடுங்கள். அப்புறம், காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.