432 ஹெர்ட்ஸில் தெய்வீகம் எதுவும் இல்லை

"இசையை 432 ஹெர்ட்ஸில் கேட்டால் நோய் தீரும், 440 என்பது நாஜிகள் திணித்த சுருதி." இந்த வாட்ஸ்அப் செய்தியை இப்போது பாட்டு வாத்தியார்களே அனுப்புகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மைக் கதை இதைவிட நல்ல கதை.

மேற்கத்திய வாத்தியங்களைச் சுருதி கூட்டும் 'ஏ' ஸ்வரம் விநாடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்பதுதான் இந்த எண். ஐரோப்பாவில் அது ஒரு காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலுடையதாகச் சொல்லப்படும் இசைக்கவை (தட்டினால் ஒரே ஸ்வரம் தரும் உலோகக் கவை) 422.5. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்தியக் குழுக்கள் பளிச்சென்று கேட்க வேண்டுமென்று ஏற்றிக்கொண்டே போய், இங்கிலாந்தில் 452 வரை தொட்டுவிட்டார்கள். கம்பியை முறுக்கலாம், தொண்டையை எப்படி முறுக்குவது? பாடகர்கள் தவித்தார்கள். 1859இல் பிரெஞ்சு அரசு ரோசினி, பெர்லியோஸ் போன்ற இசையமைப்பாளர்கள் எல்லாம் இருந்த குழுவைக் கூட்டி, 435 என்று சட்டமே போட்டது. 1884இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 432ஐ ஆதரித்தது நிஜம். ஆனால் அவர் கேட்டது எல்லா ஊருக்கும் பொதுவான, கொஞ்சம் தணிந்த சுருதி. மருத்துவம் அல்ல.

440ஐ முடிவு செய்தது 1939 மே மாதம் லண்டனில் கூடிய மாநாடு. ஜெர்மனியும் கலந்துகொண்டது, ஆனால் அமெரிக்காவில் அதற்கு முன்பே 440 புழக்கத்துக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் அதுவரை 439. அது பகா எண், சிறு எண்களின் பெருக்கமாகப் பிரிக்க முடியாது என்பதால் பிபிசியின் மின்னணுக் கருவியில் அதை உருவாக்குவது சிரமம், 440 சுலபம். இவ்வளவுதான் சதி!

இன்னொன்று. ஹெர்ட்ஸ் என்பதே விநாடியை வைத்து எண்ணுவது. ஒரு நாளை 86,400 துண்டாக்கியது மனிதன். வேறு மாதிரி பிரித்திருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். அப்புறம் 432இல் பிரபஞ்ச ரகசியம் எங்கிருந்து வரும்?

நம் கச்சேரி மரபில் பாடகரின் தொண்டைதான் ஷட்ஜமத்தை, அதாவது ஆதார 'ஸ'வை, முடிவு செய்கிறது. அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஒருவருக்கு ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்தரை. மிருதங்கக்காரர் அதற்கேற்ற தக்கு (தணிந்த) சுருதி அல்லது உச்ச சுருதி மிருதங்கத்தைக் கொண்டுவருகிறார். 440க்கும் 432க்கும் உள்ள வித்தியாசமோ அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாத்தியார்களே, பிள்ளைகளின் சுருதிப் பெட்டியில் 432 வைக்கச் சொல்லாதீர்கள். மந்திர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி 'ப') தார பஞ்சமமும் (மேல் ஸ்தாயி 'ப') சிரமமில்லாமல் வருகிறதா என்று பாடவைத்துப் பாருங்கள், அந்தச் சுருதியை வையுங்கள்.