விலகி நிற்க எங்கே இடம்?

புகைபிடிப்பது அவரவர் உரிமை, பிடிக்காதவர்கள் விலகி நிற்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இலங்கையின் மலையகத்தில் எங்கே விலகுவது? மழைக்காலத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்தான் ஒண்டி நிற்கிறோம். பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தால், கைக்குழந்தையோடு நிற்கும் தாய் மழையில் நனைய வேண்டும், இல்லையென்றால் புகையைச் சுவாசிக்க வேண்டும். பஸ் புறப்படும் முன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிகரெட் இழுக்கும் சாரதிகளும் இருக்கிறார்கள். குளிருக்கு ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கும், புகை கடைசி சீட் வரை வந்துவிடும்.

மூடிய பொது இடங்களில் புகைப்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட் விற்பதும் குற்றம். ஆனால் வாய் திறந்து கேட்டால் நம்மைத்தான் முறைக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளுக்குள் சட்டம் வராது, சரி. அங்கே தாத்தா சுருட்டுப் பிடிக்கும் அதே அறையில்தான் மூச்சிழுப்பு உள்ள பிள்ளையும் படுத்திருக்கிறது. "இஸ்தோப்புக்குப் (வெளித் திண்ணைக்கு) போய்ப் பிடிங்க" என்று வீட்டுப் பெண்கள் சொல்லத் துணிய வேண்டுமென்றால், முதலில் பஸ்ஸில் நடத்துனர் அதைச் சொல்லட்டும். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.